கொல்லிமலை தந்த மருத்துவர்

கொல்லிமலை என்றதும் தமிழ் கற்பார் நினைவில் முதற்கண் எழுவன இரண்டு. ஒன்று வல்வில் ஓரியின் வில்லாண்மை, மற்றொன்று கொல்லிப்பாவை. காற்றும் மழையும் இடியும் தாக்கினும் அப்பாவை தன் நல்லுருக் கெடாது நிற்குமெனப் பழம்பாடல் புகலும். பின்னோர் அதனைச் சிரித்த முகத்தால் வந்தாரை மயக்கிக் கொல்லும் பாவை என்பர். பாவைக்கும் நகையைப் பொருத்திக் கண்ட அம்மலையின்மீதே, நகைக்கவியலா முகத்தார்க்கும் இமைக்கவியலாக் கண்ணார்க்கும் துணைபுரியப்போகும் ஒரு குழந்தை 1914-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 17-ஆம் நாள் பிறந்தது. அக்குழவியே பின்னாளில் உலகு போற்றிய டாக்டர் பால் பிராண்டு. கொல்லிமலை இன்று நாமக்கல் மாவட்டத்தின்பாற்பட்டது. அந்நாளிலோ எம் மேச்சேரியைப் போன்றே சேலம் மாவட்டத்தைச் சார்ந்ததாகும். ஆதலின் அவரை எம் மாவட்டத்தார் என உரிமை பாராட்டிக்கொள்வதைப் படிப்போர் பொறுத்தருள்வாராக.

அவர்தம் தந்தையார் ஜெஸ்ஸி பிராண்டு, தாயார் எவிலின். இருவரும் இங்கிலாந்திலிருந்து திருப்பணிக்கென வந்தவர்கள். 1913-இல் சேந்தமங்கலத்தில் மணம் முடித்து மலையேறினர். இன்று எழுபது கொண்டையூசி வளைவுகளோடு பேருந்து செல்லும் அம்மலைக்கு அன்று பாதையென்பதே இல்லை. நடந்தேனும் டோலியிலேனும் ஏறுதல் வேண்டும். ஜெஸ்ஸி கட்டட வேலை தெரிந்தவர்; மருத்துவம் ஓராண்டளவே பயின்றவர். எனினும் பல் பிடுங்குதல், புண் கழுவுதல், காய்ச்சலுக்கு மருந்தளித்தல் ஆகிய யாவும் அவர் கையாலேயே நடந்தன. மலைவாழ் மக்களை வருத்திய நரம்புச் சிலந்தி என்னும் புழுவை அவர்தம் காலினின்று சிறுகச் சிறுகக் குச்சியிற் சுற்றி வெளிக்கொணர்வதைச் சிறுவன் பால் அருகிருந்து கண்டான். கண்டு அருவருத்தான் என்பதையும் மறைத்தற்கில்லை. சீழும் குருதியும் அவனுக்கு ஆகா. வளர்ந்து மருத்துவனாதல் இல்லையென்று அப்பொழுதே முடிவு செய்துகொண்டான்.

ஒருநாள் மூவர் அவர்தம் இல்லத்தை நாடி வந்தனர். அவர் கைகளில் விரல்கள் குறைந்திருந்தன. என்றும் வெறுங்கையால் மருந்திடும் தந்தையார் அன்று கையுறை அணிந்து அவர் புண்களைக் கட்டினார். குழந்தைகள் அருகில் வரலாகாதெனத் தாயார் தடுத்தார். அவர்கள் சென்றபின், அவருள் ஒருவர் அமர்ந்திருந்த கூடை தீயிலிடப்பட்டது. அன்பே உருவாகிய பெற்றோரும் அஞ்சிய நோய் ஒன்று உண்டு என்பதைப் பால் அன்று அறிந்தான். அந்நோய் தொழுநோய்.

ஒன்பதாம் வயதில் கல்வியின்பொருட்டு அவனும் அவன் தங்கை கானியும் இங்கிலாந்துக்கு அனுப்பப்பெற்றனர். தந்தையார் வாரந்தோறும் கடிதம் எழுதுவார். மலையிற் கண்ட மரம், பறவை, பூச்சி ஆகியவற்றைப்பற்றியே பெரும்பாலும் எழுதுவார். 1929-ஆம் ஆண்டு சூன் மாதத்தில் கருநீர்க் காய்ச்சலால் அவர் இறந்தார். அச்செய்தி தந்தியில் விரைந்து சென்றது. கடிதங்களோ கப்பலில் மெல்ல வந்துகொண்டிருந்தன. ஆகவே இறந்த தந்தையின் கையெழுத்தில் மடல்கள் பின்னும் சில வாரங்கள் அச்சிறுவனை வந்தடைந்தன. இதனைப் படித்தபொழுது யாம் நூலை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் வாளா இருந்தோம்.

பள்ளி முடிந்ததும் பால் மருத்துவத்தை நாடாது தந்தையின் வழியே கட்டட வேலை கற்றார். சில ஆண்டுகள் தச்சராகவும் கொற்றராகவும் உழைத்தார். இது வீணாயிற்றென்று எண்ணற்க. மரத்தின் இழையறிந்து உளியோட்டும் பயிற்சி பின்னாளில் நாணும் தசையும் இழைக்கும் கைக்கு எத்துணைப் பயன்பட்டதென்பதை அவரே பலகாலும் நினைவுகூர்ந்துள்ளார். திருப்பணிக்கு முன்னேற்பாடாகச் சிறிது மருத்துவம் கற்கப் புகுந்தவிடத்தில் மனம் மாறிற்று. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி மருத்துவமனையிற் சேர்ந்தார். ஆங்கே உடன்பயின்ற மார்கரெட் பெரி என்னும் நங்கையை 1943-இல் மணந்தார். இரண்டாம் உலகப்போரில் இலண்டன்மீது குண்டுமாரி பொழிந்த நாட்களில், இடிபாடுகளினின்று கொணரப்பெற்றோர்க்கு அறுவை செய்தே அவர் கைதேர்ந்தார்.

1946-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அவரை வரவழைத்தவர் தொழுநோய் வல்லுநர் இராபர்ட் காக்ரேன். காக்ரேன் அவரை மறு ஆண்டு செங்கற்பட்டை அடுத்த தொழுநோய் இல்லத்துக்கு அழைத்துச் சென்றார். பறவையின் உகிர்போல் மடங்கிக் கிடந்த கைகள் பல அங்கே கண்ணிற் பட்டன. பிராண்டு ஒருவரது கைக்குள் தம் கையை வைத்து, இயன்றவரை பிடிக்குமாறு வேண்டினார். பிடித்த பிடியில் அவருக்கே கை நொந்தது! செத்த கையென்று உலகம் தள்ளிய கையில் வலிமை நிறைந்த தசைகள் உயிரோடிருந்தன. உடம்பிலுள்ள எலும்பும் தசையும் ஒவ்வொன்றற்கும் வல்லுநர் இருப்ப, இத்துணை இலக்கம் மக்களை முடமாக்கிய இந்நோய்க்கு மட்டும் எலும்பு மருத்துவர் எவரும் ஏன் வரவில்லையென அவர் வியந்தார். காரணம் தேடிச் செல்ல வேண்டியதில்லை. அன்று எரிந்த கூடைதான் காரணம்.

கையின் வரலாற்றை விரிப்பின் பெருகும். நூல்கள் பலவற்றில் விளங்க எழுதப்பெற்றுமுள்ளது. முழங்கைக்குக் கீழே நல்ல நிலையிலுள்ள ஒரு தசையின் நாணை எடுத்து, செயலற்ற தசையின் பணியைச் செய்யுமாறு விரலிற் பிணைத்தார் என்பதும், பிணைத்தபின் அத்தசைக்குப் புதுத்தொழில் பழக்கினார் என்பதும் ஈண்டைக்குப் போதும். யாம் எழுத விழைவது முகத்தைப்பற்றி. அதற்குக் காரணம் எம் ஊரிலேயே உண்டு.

மேச்சேரிப் பத்திரகாளியம்மன் கோயிலருகே, எம் இளமையில் முதியவர் ஒருவர் துணி விரித்து அமர்ந்திருப்பார். புருவமில்லாத நெற்றி, அமுங்கிய மூக்கு, இமையாத கண்கள். ஆட்டுச் சந்தைக்கு வருவோர் காசெறிந்துவிட்டு முகந்திருப்பிச் செல்வர். அவர் எம்மையே முறைத்துப் பார்க்கின்றார் என்று யாம் எண்ணினோம். அவர் கண்ணேறு பட்டால் ஆகாதென்று எம்மிற் பெரிய பையன் ஒருவன் கூறினான். ஒருநாள் சிறுகல் ஒன்றையும் எறிந்தான். யாம் எறியவில்லை, ஆனால் நகைத்தோம். கல் தோளிற் பட்டது. அவர் எம்மை நோக்கிப் புன்னகை செய்ய முயன்றிருக்க வேண்டுமென இன்று தோன்றுகின்றது. அன்றோ, ஒருபுறம் இழுத்துக்கொண்ட அவ்வாயைக் கண்டு, சீறுகின்றார் என்று அஞ்சி ஓடினோம்.

வீடு சென்று அப்பாயியிடம் கூறியபொழுது அவர் வெகுண்டார். தமக்கும் ஒருகால் முகம் கோணியதுண்டு என்றும், ஒரு கண் மூடாது இரவெல்லாம் நீர் வடிந்ததென்றும், வைகறைக் குளிர்காற்று அடித்ததனால் வந்த முகவாதம் என்று ஊரார் சொன்னதாகவும், இரண்டு மாதத்தில் அது தானே நீங்கிற்றென்றும் உரைத்தார். அம்முதியவர்க்கு நீங்காததொன்றே வேறுபாடு.

அப்பாயிக்கு வந்தது எது, அம்முதியவர்க்கு வந்தது எது என்பதைப் பகுத்தறிதற்கு முகத்தின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். உடம்பின் பிற தசைகள் பெரும்பாலும் எலும்போடு எலும்பை இணைத்து மூட்டை அசைப்பன. முகத்தின் தசைகளோ தோலிற் சென்று பொருந்துவன. ஆதலாற்றான் உள்ளக் குறிப்பு தோலில் மடிப்பாகவும் குழிவாகவும் தோன்றுகின்றது. பக்கத்துக்கு ஏறக்குறைய இருபதாகிய இத்தசைகளை ஆள்வது மூளையினின்று வரும் ஏழாவது நரம்பு. அது செவியின் பின்னே மண்டையோட்டைத் துளைத்து வெளிவந்து, கன்னத்தில் ஐந்து கிளையாகப் பிரிந்து, நெற்றி, கண், கன்னம், வாய், கழுத்து ஆகிய இடங்கட்குச் செல்லும். கன்னத்துத் தோலின் உணர்ச்சியும் மெல்லும் தசைகளின் இயக்கமும் ஐந்தாம் நரம்பின்பாற்பட்டவை. இவ்வேறுபாட்டைத் தெளிவித்தவர்களுள் தலைசிறந்தவர் ஸ்காட்லாந்து நாட்டுச் சார்லஸ் பெல் (1774–1842). செவிப்புறத்தே அந்த ஏழாம் நரம்பு வீங்கி நெருக்குண்டு முகத்தின் ஒரு பாதி திடீரெனச் செயலற்றுப்போகும் நோய் அவர் பெயரால் வழங்குகின்றது. அப்பாயிக்கு வந்தது அதுவே போலும். அது பெரும்பாலார்க்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ நீங்கும். மூன்று நாட்களுக்குள் ஸ்டீராய்டு மருந்து தொடங்கினால் முற்றும் நலம் பெறும் வாய்ப்பு மிகும். முகம் கோணினும் அதே பக்கத்து நெற்றி சுருங்குமாயின் அது மூளையின் நோயாக இருத்தல் கூடும். அந்நிலையில் எண்ணெய் தடவிக் காலங்கடத்தாது மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

தொழுநோயின் செயல் வேறு. அந்நோய்க் கிருமி குளிர்ந்த இடத்தை விரும்புவது. ஆதலின் நரம்பு எங்கெங்கே தோலை ஒட்டி மேலோடுகின்றதோ ஆங்காங்கே அதனைப் பற்றும். முழங்கையிலும் மணிக்கட்டிலும் நரம்பு கெடுவதன் காரணம் இதுவே என்பதை வேலூரிலும் செங்கற்பட்டிலும் பிராண்டும் அவர்தம் துணைவரும் ஆராய்ந்து கண்டனர். முகத்தில் கன்ன எலும்பின்மேல் தோலுக்கடியிலேயே ஓடுவது கண்ணிமைக்குச் செல்லும் கிளை. அது கெட்டதும் இமையை மூடும் வட்டத்தசை தளரும். கண் திறந்தபடியே நிற்கும்.

நளவெண்பாவில், நளனைப் போன்றே உருக்கொண்டு வந்த தேவர்களுள்ளே உண்மை நளனைத் தமயந்தி கண்டுகொண்ட அடையாளங்களுள் ஒன்று கண்ணிமைத்தல். தேவர் இமையார், அதனாலேயே அவர்க்கு இமையவர் என்று பெயர். வகுப்பில் இப்பகுதியைப் படித்தபொழுது எமக்கு நினைவில் வந்தவர் தேவரல்லர். கோயிலருகே இருந்த அம்முதியவரே. மக்கட்கண் இமையாதிருப்பின் கருவிழி வறளும், தூசு படியும், புண்ணாகி வெண்மை படரும். ஐந்தாம் நரம்பும் கெட்டு உணர்ச்சி மாண்டிருப்பின் ஈ வந்து அமரினும் தெரியாது. கண்ணிற் குற்றமொன்றும் இல்லாமலே, இமையாமையால் மட்டுமே கண்ணொளி இழந்தார் பலர். விரலிழந்தவர்க்குக் கண்ணே தொடுபுலனும் ஆவது. அதுவும் போயின் அவர் கதி என்னாம்?

கண்ணின் பொறுப்பை ஏற்றவர் மார்கரெட் அம்மையார். அவர் கண் மருத்துவத்தில் முன்னர்த் தனிப்பயிற்சி பெற்றவரல்லர். வேலூரில் ஆளில்லாமையால் அப்பணியை மேற்கொண்டு, நாளடைவில் தொழுநோயாளர் கண்களைக் காப்பதில் உலகறிந்த வல்லுநரானார். நினைந்து நினைந்து இமைக்குமாறு நோயாளரைப் பழக்கினார். இயலாதார்க்கு இமைகளின் வெளியோரத்தைச் சிறிது தைத்துத் திறப்பைக் குறைத்தார். தைத்த கண் காக்கப்படும். ஆயினும் பார்ப்பவர்க்கு அது சினந்து சுளித்த கண்போல் தோன்றும்.

இதனினும் மேலானதொரு வழியை அறுவை மருத்துவம் காட்டிற்று. நெற்றிப்பொட்டில் கைவைத்துப் பல்லைக் கடித்துப் பார்ப்போர் அங்கே ஒரு தசை புடைப்பதை உணர்வர். மெல்லுதற்குரிய தசை அது. ஐந்தாம் நரம்பால் ஆளப்படுவதாலும், ஆழ்ந்து கிடப்பதாலும் தொழுநோய்க்கு அது பெரிதும் தப்பிவிடும். அத்தசையினின்று ஒரு பட்டையை அதன் மேலுறையோடு எடுத்து, உறையை இரண்டு நாடாவாகப் பிளந்து, ஒன்றை மேலிமையின் விளிம்பிலும் மற்றொன்றைக் கீழிமையின் விளிம்பிலும் தோலுக்கடியே நுழைத்து, மூக்கோரத்தில் இறுகப் பிணிப்பர். பின்பு நோயாளர் பல்லைக் கடித்தால் நாடாக்கள் இழுபட்டு இமைகள் கூடும். முகவாதத்துக்கெனப் பிறநாட்டு அறுவை மருத்துவர் வகுத்த இம்முறை, தொழுநோயாளர்க்குப் பெருங்கொடையாயிற்று. ஆனால் நம் கண் நம்மை அறியாமலே இமைப்பதுபோல் அக்கண் இமையாது. கடிக்க வேண்டுமென்று நினைத்துக் கடித்தல் வேண்டும். மறந்தால் கண் வறளும். ஆகவே வாயில் ஏதேனும் மென்றுகொண்டே இருப்பவர்க்கு நன்மை மிகுதி! மெல்வதைக் கண்டு எவரையும் பழிக்கலாகாதென்று இதனால் அறிந்தோம்.

உள்ளிருந்து அரிக்கப்பட்டு அமுங்கிய மூக்கை நிமிர்த்தினர். உதிர்ந்த புருவத்துக்கு ஈடாகத் தலைமயிரோடு கூடிய தோற்கீற்றை அதன் குருதிக்குழாயோடு இறக்கிப் பொருத்தினர். தலைமயிராதலின் அது நிற்காமல் வளரும், கத்தரித்துக்கொள்ளுதல் வேண்டும். ஆனால் பல்லாண்டு புருவமின்றி வாழ்ந்தவருட் சிலர் கத்தரிக்க மனமின்றி அதனை அடர்த்தியாக வளரவிட்டுப் பெருமிதத்தோடு உலவினராம். அழகுக்காக அறுவை எதற்கு என்று கேட்பாரும் அந்நாளில் இருந்தனர். கை சீராகியும் முகத்திற் கண்ட குறியால் வேலை கிடையாது மீண்டும் பிச்சைக்கே திரும்பியவர்களைப் பிராண்டு கண்டிருந்தார். ஆதலின் அவ்வினாவுக்கு அவர் செவிசாய்க்கவில்லை. வேலூரில் நவ ஜீவ நிலையம் என்னும் சிற்றூரை மண்குடிசைகளால் அமைத்து, நலம்பெற்றார்க்குத் தச்சுவேலை முதலியன கற்பித்தார். தாம் கற்ற தச்சு இங்கும் உதவிற்று.

அவரிடம் வந்த இளைஞர் ஒருவர் வரலாறு எம் நெஞ்சை விட்டு அகலவில்லை. அவர் முகம் பாதி செயலிழந்தது; சிரித்தால் கோரமாகும்; கண்டார் திடுக்கிடுவர். ஆதலின் அவர் சிரிப்பதையே விட்டுவிட்டார். மார்கரெட் அம்மையார் கண்ணைக் காத்தற்காக இமையைத் தைத்திருந்தமையால், பார்வையும் ஐயுற்று நோக்குவது போன்றிருந்தது. ஊரார் அவரைத் தீயவர் என்றனர். நாளடைவில் அவரும் அவ்வாறே நடந்துகொள்ளலானார். முகத்தைப் பார்த்து உலகம் ஒன்றை முடிவு செய்ய, முடிவுக்கேற்ப மனம் மாறிற்றுப் போலும்! ஒருநாள் அவர் ஊர்த் திருச்சபை வழிபாட்டுக்கு வர விரும்பினார். பிராண்டு மூப்பர்களிடம் முன்னரே பேசி இசைவு பெற்றார். எனினும் உள்ளம் நடுங்கிற்று. இருவரும் உள்ளே நுழைந்தபொழுது பின்வரிசையில் இருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். பார்த்தவர் முகமலர்ந்து, சிறிது நகர்ந்து, தம் பக்கத்திருந்த இடத்தைக் கையால் தட்டிக்காட்டினார். அவ்விளைஞர் சென்று அமர்ந்தார். நடந்தது இவ்வளவே. பல்லாண்டுகட்குப்பின் ஒரு தொழிற்சாலையில், பிழையின்றி வேலை செய்து பரிசு பெற்ற தொழிலாளியாக அவரைப் பிராண்டு மீண்டும் கண்டார். அத்தட்டலைப்பற்றியே அவர் பேசினாராம்.

பிராண்டின் பெயரை நிலைநாட்டிய மற்றொரு கண்டுபிடிப்பு வலியைப்பற்றியது. தொழுநோயாளர் விரல்கள் தாமே அழுகி உதிர்வன என உலகம் எண்ணியிருந்தது. துருப்பிடித்த பூட்டை நோயுற்ற சிறுவன் ஒருவன் எளிதில் திறந்ததையும், அவ்வலிய திருகலால் விரல் எலும்புமட்டும் கிழிந்ததை அவன் உணராதிருந்ததையும் பிராண்டு கண்டார். உறங்கும்பொழுது எலிகள் விரலைக் கடித்தன என்பதையும் கண்டறிந்தார். வீடு திரும்பும் நோயாளர்க்குப் பூனைக்குட்டி கொடுத்தனுப்புவது வழக்கமாயிற்று. வலியின்மையே கேடு, இமைப்பதற்கு நம்மைத் தூண்டுவதும் கண்ணில் உறுத்தும் சிறு வலியே.

காட்பாடிக்கு அருகே கரிகிரியில் 1955-இல் தொடங்கப்பெற்ற தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்திலும் இப்பணி பரவிற்று. 1960-இல் லாஸ்கர் பரிசு வந்தது. 1966-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கார்வில் மருத்துவமனைக்குச் சென்றார். 2003-ஆம் ஆண்டு சூலை 8-ஆம் நாள் சியாட்டில் நகரில் மறைந்தார். யாம் பிறக்குமுன்னரே அவர் மறைந்துவிட்டார். 1980-களில் வந்த கூட்டு மருந்துகளால் தொழுநோய் இன்று முற்றிலும் தீர்வதாயிற்று. ஆயினும் 2022–23-இல் இந்தியாவில் புதிதாகக் கண்டறியப்பெற்றோர் ஏறக்குறைய ஓரிலக்கம். இமை தளரத் தொடங்கிய ஆறு மாதத்துக்குள் வந்தால் மருந்தாலேயே நரம்பைப் பெரும்பாலும் மீட்கலாம். அப்பாலும் காலந்தாழ்த்தோர்க்கே கத்தி.

தாயார் எவிலினைப்பற்றி ஒன்று சொல்லாது விடுதல் தகாது. கணவர் இறந்தபின்னும் அவர் மலைகளை விட்டிலர். ஓய்வு பெறுமாறு சங்கத்தார் பணித்தபின்னரும் தம் விருப்பிலேயே மலைக்குத் திரும்பி, மட்டக்குதிரைமேல் ஊர் ஊராகச் சென்று மருந்தளித்தார். வெயிலும் காய்ச்சலும் வீழ்ச்சிகளும் அவர் முகத்தை உழுதுவிட்டன. மகனே வியக்குமளவு அதில் சுருக்கங்கள் ஓடின. உலகத்து முகங்களைச் செப்பம் செய்த மகனுக்குத் தாயாகிய அவர், தம் இறுதி இருபது ஆண்டுகளாகத் தம் வீட்டிற் கண்ணாடியே வைத்திருக்கவில்லை. 1974-இல் தம் தொண்ணூற்றைந்தாம் வயதில் இறந்த அவரைக் கொல்லிமலைக்குக் கொண்டுசென்று கணவர் அருகில் அடக்கம் செய்தனர்.

சென்ற விடுமுறையில் மேச்சேரி சென்றபொழுது கோயிலருகே நின்று தேடினோம். அம்முதியவர் இருந்த இடத்தில் இளநீர் விற்கின்றனர். அவர் எவ்வூரார், எங்குச் சென்றார் என்பது கேட்டோர் எவர்க்கும் தெரியவில்லை.